தன் மொழியில் பாட வேண்டும் என்றொரு விதி

யூரோவிஷன் பாட்டுப் போட்டியைப் பற்றி நம்மில் பலர் ஏதோ ஒரு வகையில் கேள்விப்பட்டிருப்போம். 1974இல் அதில் வென்றுதான் ஆபா குழு உலகப் புகழ் பெற்றது என்பதாவது தெரிந்திருக்கும். அதை நடத்தும் ஐரோப்பிய ஒலிபரப்பு ஒன்றியமே 2003 முதல் ஆண்டுதோறும் சிறுவர் சிறுமியருக்கென்று தனியாக நடத்திவரும் ஜூனியர் யூரோவிஷனை அறிந்தவர்கள் நம்மிடையே மிகக் குறைவு. பல ஆண்டுகளாக அதைப் பார்த்துவருகிறேன் என்பதால் மட்டும் இதை எழுதவில்லை. பெரியவர்களின் போட்டி எப்போதோ கைவிட்டுவிட்ட ஒரு நல்ல விதியை இந்தச் சிறுவர் போட்டி இன்றும் பெருமளவு காத்துவருகிறது. அந்த விதியைப் பற்றியும், குழந்தைகளை மேடையேற்றும்போது பெரியவர்கள் போட்டுக்கொண்ட மற்ற விதிகளைப் பற்றியும், அவற்றில் எவை நிலைத்தன, எவை தளர்ந்தன என்பதைப் பற்றியும் சொல்ல வேண்டும் என்று வெகுநாளாக எண்ணியிருந்தேன்.

இதன் வேர் டென்மார்க்கில் இருக்கிறது. அந்நாட்டுப் பொதுத் தொலைக்காட்சி 2000ஆம் ஆண்டில் சிறுவர்களுக்காக ஒரு பாட்டுப் போட்டியைத் தொடங்கியது. அதைப் பார்த்து அண்டை நாடுகளும் ஆர்வம் கொண்டதால் 2002இல் டென்மார்க், நார்வே, சுவீடன் மூன்றும் சேர்ந்து ஒரு நார்டிக் போட்டியை நடத்தின. மறு ஆண்டே ஒலிபரப்பு ஒன்றியம் அந்த எண்ணத்தை ஐரோப்பா முழுமைக்கும் விரித்தது. 2003 நவம்பர் 15 அன்று கோப்பன்ஹேகனில் 16 நாடுகளின் பிள்ளைகள் பாடினார்கள். குரோவேஷியாவிலிருந்து வந்த 11 வயது டீனோ யெலுஷிச், முதல் காதலைப் பற்றித் தானே எழுதிய பாடலைத் தன் தாய்மொழியில் பாடி 134 புள்ளிகளுடன் வென்றான். அந்தப் பையன்தான் பிற்காலத்தில் கனத்த ராக் பாடகனாக வளர்ந்து, 2021இல் ஒயிட்ஸ்னேக் குழுவில் சேர்ந்தவன்.

தொடக்க கால விதிகளைப் படித்தால் அவற்றை வகுத்தவர்களின் கவலை தெளிவாகவே தெரியும். பாடுபவர்கள் 8 முதல் 15 வயதுக்குள் இருக்க வேண்டும்; பாடல் அவர்கள் நாட்டு மொழியில் இருக்க வேண்டும்; அதை எழுதியவர்களும் சிறுவர்களாகவே இருக்க வேண்டும்; அதற்கு முன் இசைத்தட்டு வெளியிட்டுத் தொழில்முறைக்கு வந்துவிட்ட பிள்ளைகள் வரக் கூடாது. அதாவது, பெரியவர்கள் எழுதிக் கொடுத்ததைக் குழந்தை ஒப்பிக்கும் மேடையாக இது ஆகிவிடக் கூடாது என்பதற்காகச் சுற்றிலும் ஒரு வேலி கட்டினார்கள்.

அந்த வேலிக்குள் என்ன விளைந்தது என்பதற்கு இரண்டாம் ஆண்டே நல்ல சான்று கிடைத்தது. 2004இல் நார்வேயின் லில்லெஹாம்மரில் நடந்த போட்டிக்கு ஸ்பெயின் அனுப்பியது மரியா இசபெல் என்ற 9 வயதுச் சிறுமியை. தெற்கு ஸ்பெயினில் கடலோரச் சிற்றூரிலிருந்து வந்தவள் அவள். அவள் பாடியது உலக அமைதியையோ நட்பின் மேன்மையையோ பற்றியது அன்று. உதட்டுச்சாயம் பூசி, நல்ல உடை உடுத்தி, அலங்காரம் இல்லாமல் வெளியே போவதைவிடச் செத்துப்போகலாம் என்று ஒரு சிறு பெண் துள்ளலோடு அறிவிக்கும் பாட்டு அது. ஃபிளமெங்கோ என்ற ஸ்பானிய இசையின் சாயல் கலந்த தாளம். இடுப்பில் கை வைத்து நிற்கும் நிலையிலேயே பாதிப் பாட்டு இருக்கிறது. குழந்தைக்காகப் பாட்டெழுத உட்காரும் எந்தப் பெரியவரும் இப்படி ஒரு பொருளைத் துணிந்து எடுக்க மாட்டார். அறிவுரையாக ஏதாவது இரண்டு வரி சேர்த்துவிடுவார். 171 புள்ளிகள் பெற்று அவள் வென்றாள். அந்த எண்ணிக்கையைத் தாண்ட 2015 வரை எவராலும் முடியவில்லை. அந்த ஆண்டு சோஃபியா நகரில் மால்டாவின் 13 வயது டெஸ்டினி சுக்குன்யெரே 185 புள்ளிகள் எடுத்தபோதுதான் அது முறிந்தது.

பிறகு விதிகள் ஒவ்வொன்றாகத் தளர்ந்தன. 2006இல், முன்பே பாடல் வெளியிட்ட பிள்ளைகளும் வரலாம் என்றார்கள். 2008இல், பாடல் எழுதப் பெரியவர்கள் உதவலாம் என்றார்கள். முதலாவதைக்கூட என்னால் ஏற்றுக்கொள்ள முடிகிறது; ஏற்கெனவே பாடிப் பழகிய குழந்தை என்பதற்காக அவளை வெளியே நிறுத்துவது நியாயமில்லை. இரண்டாவதுதான் உண்மையான இழப்பு என்று கருதுகிறேன். அதன்பின் வந்த பாடல்கள் பலவும் செம்மையாகவே அமைந்தன, பல முந்தையவற்றைவிட மேலானவையும்கூட. ஆனால் ‘நம் கனவுகளை நம்புவோம், கைகோப்போம், உலகை மாற்றுவோம்’ என்ற ஒரே கருத்தைப் பத்து நாடுகள் பத்து மெட்டில் சொல்லும் நிலை அதற்குப் பின்னர்தான் வந்தது. குழந்தைகளுக்குத் தெரிந்த உலகம் அதைவிட மிகவும் குறிப்பானது. பள்ளியில் நடக்கும் அவமானம், அம்மாவின் மேல் உள்ள பிடிப்பு, தோழியோடு போட்ட சண்டை என்று அவர்கள் தொடும் பொருள்களில் ஒரு கூர்மை இருக்கும். 2023இல் நீஸ் நகரில் பிரான்சின் ஸோயே க்ளோஸூர் வென்ற பாடல் பள்ளிக்கூடத்தில் மற்ற பிள்ளைகள் செய்யும் துன்புறுத்தலைப் பற்றியது என்பதும், அது உடனே மனத்தைத் தொட்டது என்பதும் எனக்கு வியப்பாக இல்லை.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. நம் தொலைக்காட்சிகளில் சிறுவர்கள் பாடும் போட்டிகளைப் பல ஆண்டுகளாகப் பார்க்கிறோம். அந்தப் பிள்ளைகளின் சுருதி சுத்தமும் தாளக் கட்டும் எந்த ஐரோப்பியக் குழந்தைக்கும் குறைந்தவை அல்ல. ஆனால் அவர்கள் பாடுவதெல்லாம் பெரியவர்களின் காதலுக்கும் பிரிவுக்கும் எழுதப்பட்ட திரைப்பாடல்கள். அவர்களுக்கென்று, அவர்களே எழுதிய புதிய பாடலை அந்த மேடையில் ஒரு முறையேனும் கேட்க வேண்டும் என்ற ஆசை எனக்கு நீண்ட காலமாக உண்டு.

வியப்பு என்னவென்றால், இந்தப் போட்டியைத் தோற்றுவித்தவர்களே இதை விட்டுப் போய்விட்டார்கள். 2005ஆம் ஆண்டுப் போட்டிக்குப் பின், பிள்ளைகள் நடத்தப்படும் விதம் அறத்துக்குப் பொருந்தவில்லை என்று கருதி டென்மார்க்கும் நார்வேயும் விலகின. விலகி, தங்கள் பழைய நார்டிக் போட்டியையே மீண்டும் தொடங்கின. அவர்கள் சொன்ன குறையை ஒன்றியம் முழுவதும் அலட்சியம் செய்யவும் இல்லை. வயது வரம்பு 2007இல் 10 முதல் 15 என்றும், 2016இல் 9 முதல் 14 என்றும் மாற்றப்பட்டது. இரவு நிகழ்ச்சியாக இருந்தது 2016இல் ஞாயிற்றுக்கிழமை பிற்பகலுக்கு வந்தது. வென்ற நாடுதான் அடுத்த ஆண்டு நடத்த வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. தன்னால் நாட்டுக்கு இத்தனை செலவு என்ற சுமை ஒரு குழந்தையின் தலையில் ஏறக் கூடாது அல்லவா.

எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு ஒன்று 2005இல் வந்து பத்தாண்டுகளுக்குப் பிறகு போய்விட்டது. பெரியவர்களின் யூரோவிஷனில் எவரிடமிருந்தும் ஒரு புள்ளிகூடப் பெறாமல் சுழியத்தோடு வெளியேறுவது பெரிய அவமானமாகப் பேசப்படும். செய்தித்தாள்கள் மறுநாள் அதைத்தான் தலைப்பாக்கும். அது ஒரு பத்து வயதுப் பிள்ளைக்கு நேரக் கூடாது என்பதற்காக, ஜூனியர் யூரோவிஷனில் பாடும் எல்லோருக்கும் தொடக்கத்திலேயே 12 புள்ளிகள் வழங்கிவிட்டார்கள். தரவரிசையை அது சிறிதும் மாற்றாது, எல்லோருக்கும் ஒரே அளவுதான் கூடுகிறது. ஆனால் எந்தக் குழந்தையின் பெயருக்கு எதிரிலும் சுழியம் நிற்காது. கணக்கில் எந்தப் பயனும் இல்லாத இந்த 12 புள்ளிகளுக்குள் எவ்வளவு கருணை இருந்தது என்று நினைத்துப் பார்க்கிறேன். 2016இல் வாக்களிப்பு முறை மாறியபோது அதை நீக்கிவிட்டார்கள்.

இனி மொழிக்கு வருகிறேன். பெரியவர்களின் யூரோவிஷனில் 1998 வரை, இடையில் சில ஆண்டுகள் தவிர, நாட்டு மொழியில்தான் பாட வேண்டும் என்ற விதி இருந்தது. 1999இல் அதை எடுத்தார்கள். உடனே மேடை பெரும்பாலும் ஆங்கில மயமானது. அண்மை ஆண்டுகளில்தான் சில நாடுகள் மீண்டும் தம் மொழிக்குத் திரும்பத் தொடங்கியிருக்கின்றன. ஜூனியர் யூரோவிஷனோ தொடக்கம் முதல் பாடலின் பெரும்பகுதி நாட்டு மொழியில் இருக்க வேண்டும் என்பதை விடவில்லை. பிற மொழிக்கு ஒரு பங்கு இடம் உண்டு, அது அரைவாசிக்கும் குறைவு. ஆங்கிலத்தையும் ஆட்சிமொழியாகக் கொண்ட மால்டா போன்ற நாடுகள் முழுவதும் ஆங்கிலத்தில் பாடலாம் என்பது வேறு விஷயம்.

இந்த ஒரே விதியால் நடந்த நல்லவற்றில் எனக்கு முதன்மையாகத் தோன்றுவது அயர்லாந்தும் வேல்ஸும். பெரியவர்களின் போட்டியில் அயர்லாந்து ஏழு முறை வென்ற நாடு; ஆனால் அத்தனை ஆண்டுகளில் ஐரிஷ் மொழிப் பாடல் ஒன்றே ஒன்றுதான் அங்கே ஒலித்தது, அதுவும் 1972இல். ஜூனியர் யூரோவிஷனில் 2015இல் அயர்லாந்து சேர்ந்தபோது அதற்குப் பொறுப்பேற்றது ஐரிஷ் மொழித் தொலைக்காட்சியான டி.ஜி.4. அன்று முதல் அந்நாட்டுப் பிள்ளைகள் ஐரிஷில்தான் பாடுகிறார்கள். பெரும்பாலானோரின் அன்றாடப் பேச்சில் இல்லாத ஒரு மொழியை, பாடத்தேர்வுக்காக அல்லாமல், பாட்டுக்காக ஒரு சிறுமி பயிற்சி செய்கிறாள். அதைப் பல நாடுகளின் பிள்ளைகள் பொருள் தெரியாமலே கூடச் சேர்ந்து பாடுகிறார்கள். 2022இல் சோஃபி லெனன் என்ற சிறுமி ஐரிஷில் பாடி நான்காம் இடம் பெற்றபோது, முன்னே நின்ற மூன்று நாடுகளைவிட அவளுக்காகவே நான் அதிகம் மகிழ்ந்தேன்.

வேல்ஸின் கதை இன்னும் அரியது. யூரோவிஷனில் பிரிட்டன் முழுவதும் ஒரே நாடாகத்தான் நிற்கும். 2018இல் மின்ஸ்க் நகரில் நடந்த ஜூனியர் யூரோவிஷனில் மட்டும், வேல்ஷ் மொழித் தொலைக்காட்சியின் முயற்சியால் வேல்ஸ் தன் சொந்தப் பெயரில், தன் சொந்தக் கொடியுடன் வந்தது. மனூ என்ற சிறுமி வேல்ஷ் மொழியில் பாடினாள். அவ்வாண்டு போட்டியிட்ட நாடுகள் 20. அவள் பெற்றது 20ஆம் இடம். தோல்வி என்று அதைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மறு ஆண்டும் வேல்ஸ் வந்தது. அதன்பின் வரவில்லை, 2022இல் பிரிட்டன் திரும்பியபோது வந்தது பி.பி.சி., ஆங்கிலப் பாடலுடன். மனூ பாடிய அந்த மூன்று நிமிடங்களை இணையத்தில் தேடிப் பாருங்கள்.

பெரியவர்களின் போட்டிக்கு ஒருமுறைகூட வராத கஜகஸ்தானும் 2018இல் இங்கே வந்து கஜக் மொழியைக் கேட்க வைத்தது. ஜார்ஜியாவோ தனிப் பெருமை உடையது. நாற்பது லட்சத்துக்கும் குறைவான மக்கள்தொகை கொண்ட அந்த நாடு 2008, 2011, 2016, 2024 என்று நான்கு முறை வென்றிருக்கிறது. பல குரல்கள் வெவ்வேறு சுரங்களில் ஒன்றாக இணையும் அவர்களுடைய பாட்டு மரபு மிகப் பழமையானது. விருந்துகளிலும் தேவாலயங்களிலும் அதைக் கேட்டு வளரும் பிள்ளைகளுக்குச் செவி இயல்பாகவே தேர்ந்துவிடுகிறது என்பது என் எண்ணம். அவர்களின் முதல் வெற்றி ஒரு விந்தை. சைப்ரஸின் லிமசோலில் 2008இல் மூன்று குழந்தைகள் தேனீ வேடத்தில் வந்து, எந்த நாட்டு மொழியும் அல்லாத, தாங்களே கற்பனை செய்த ஒலிகளில், ரீங்காரமும் ஜாஸ் போன்ற சுரக் கோவையுமாகப் பாடினார்கள். மொழி விதியின் எழுத்துக்கு அது பொருந்துமா என்று வாதிடலாம். பிள்ளைகள் தங்களுக்கு மட்டும் புரியும் மொழியொன்றை உருவாக்கிக்கொண்டு பேசுவதை வீட்டில் பார்த்தவர்களுக்கு அது அவர்களின் தாய்மொழியாகவே கேட்டிருக்கும்.

அந்த லிமசோல் மேடையில் இரண்டாம் இடம் பெற்றவள் உக்ரைனின் விக்டோரியா பெட்ரிக். நான்கு ஆண்டுகள் கழித்து ஆம்ஸ்டர்டாமில் அவள் தங்கை அனஸ்தாசியா பாடினாள்; வயது 10. மெல்லத் தொடங்கும் அந்தப் பாடலில், மேலே ஏறும் இடத்தில் ஒரு குழந்தையிடம் எவரும் எதிர்பாராத கரகரப்பு அடித்தொண்டையிலிருந்து வருகிறது. வந்தபின் அடுத்த வரியிலேயே குரல் மீண்டும் தெளிந்துவிடுகிறது. அக்காவுக்குக் கைநழுவிய வெற்றி தங்கைக்குக் கிடைத்தது. குரல் பயிற்சி பெறுவோர் அந்த மாற்றத்தை மட்டும் நிறுத்தி நிறுத்திக் கேட்பது பயன் தரும்.

வேலி எவ்வளவு உயரமாக இருந்தாலும் வெளியே இருக்கும் பெரியவர்களின் சண்டைகள் அதைத் தாண்டி வந்துவிடுகின்றன. 2006இல் புக்கரெஸ்டில் ரஷ்யாவின் இரட்டையரான டோல்மச்சோவா சகோதரிகள் 9 வயதில் வென்றார்கள். 2014இல் அதே இருவரும் 17 வயதில், பெரியவர்களின் யூரோவிஷனுக்குக் கோப்பன்ஹேகன் சென்றார்கள். கிரிமியாவை ரஷ்யா இணைத்துக்கொண்டு சில வாரங்களே ஆகியிருந்தன. அரங்கில் இருந்தவர்கள் கூச்சலிட்டு எதிர்த்தார்கள். ரஷ்யாவுக்குப் புள்ளி அறிவிக்கப்பட்டபோதெல்லாம் அந்தக் கூச்சல் எழுந்தது. கோபம் யார் மேல் என்பது எல்லோருக்கும் தெரியும். அக்கோபத்தில் நியாயம் உண்டு என்பதையும் மறுக்கவில்லை. ஆயினும் அதைக் காதில் வாங்கிக்கொண்டு நின்றது அந்த இரண்டு பெண்கள்.

அர்மீனியாவின் மலேனாவுக்கு நேர்ந்தது வேறு விதம். 2020ஆம் ஆண்டுக்காக அவள் தேர்வாகியிருந்தாள், பாடலும் தயாராக இருந்தது. அந்த இலையுதிர் காலத்தில் நாகோர்னோ கராபாக்கில் போர் மூண்டதால் அவள் நாடு போட்டியிலிருந்து விலகியது. வயது வரம்பு 14 என்று இருக்கும் போட்டியில் ஓராண்டு போவது எவ்வளவு பெரிய இழப்பு என்று சொல்ல வேண்டியதில்லை. நல்லவேளையாக அவளுக்கு இன்னும் ஓராண்டு எஞ்சியிருந்தது. அர்மீனியத் தொலைக்காட்சி 2021இல் அவளையே புதிய பாடலுடன் பாரிசுக்கு அனுப்பியது. 224 புள்ளிகள் பெற்று வென்றாள், இரண்டாம் இடம் வந்த போலந்தைவிட 6 புள்ளிகள் அதிகம். அடுத்த ஆண்டுப் போட்டி அர்மீனியத் தலைநகர் யெரவானில் நடந்தபோது, தன் நாட்டில் முழுப் போர் நடந்துகொண்டிருக்க, உக்ரைனின் ஸ்லாட்டா ஜூன்கா அங்கே வந்து பாடினாள்.

பெருந்தொற்று ஆண்டைப் பற்றிச் சுருக்கமாக: 2020இல் பாடியவர்கள் ஓரிடத்தில் கூடவில்லை, ஒரே மாதிரி ஏற்பாடு செய்த மேடைகளில் முன்கூட்டியே பதிவு செய்தார்கள், வார்சாவிலிருந்து நிகழ்ச்சி தொகுத்து வழங்கப்பட்டது, 12 நாடுகள் மட்டுமே பங்கேற்றன, பிரான்சின் வாலென்டினா வென்றாள். அவள் முன்பே ஒரு புகழ்பெற்ற சிறுவர் இசைக்குழுவில் பாடியவள். 2018இல் வென்ற போலந்தின் ரொக்ஸானா வென்கியெலும் தொலைக்காட்சிப் பாட்டுப் போட்டி ஒன்றில் முன்பே வென்றவள். 2003இல் டீனோ நின்ற மேடை வேறு, இன்றைய மேடை வேறு என்பதற்கு இவ்விருவரும் போதுமான சான்று.

வாக்களிப்பில் மட்டும் புதிய முறை பழையதைவிட நல்லது என்பேன். 2017 முதல் இணைய வழியில் உலகின் எந்த மூலையிலிருந்தும் வாக்களிக்கலாம். குறைந்தது மூன்று பாடல்களையாவது தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது விதி. தன் நாட்டுக்கு மட்டும் வாக்களித்துவிட்டுப் போக முடியாது; இன்னும் இரண்டு நாட்டுப் பிள்ளைகளைக் கவனித்துக் கேட்டே ஆக வேண்டும். நடுவர் குழுக்களிலும் பெரியவர்களோடு சிறுவர்கள் அமர்கிறார்கள். பொதுமக்களின் விருப்பமும் நடுவர்களின் கணிப்பும் சில நேரம் வெகுதூரம் விலகுவதும் உண்டு: 2022இல் பிரிட்டனின் ஃப்ரேயா ஸ்கை இணைய வாக்கில் முதலிடம், மொத்தக் கணக்கில் ஐந்தாம் இடம்.

வழக்கமாக நவம்பர், டிசம்பர் மாதங்களில் நடக்கும் இந்தப் போட்டியை யூடியூபில் நேரலையாகக் காணலாம். அங்கே மாலை 4 மணிக்குத் தொடங்கும் ஆண்டுகளில் நமக்கு இரவு எட்டரை மணி. பிள்ளைகளோடு சேர்ந்து பார்க்க வசதியான நேரம்தான். இறுதிப் போட்டிக்குச் சில நாள் முன்பே பாடல்கள் அனைத்தும் வெளியாகிவிடும், வாக்களிப்பின் முதல் சுற்றும் அப்போதே திறந்துவிடும். பெரிய நாடுகளின் பாடல்களை எப்படியும் கேட்டுவிடுவீர்கள். ஜார்ஜியாவையும் அர்மீனியாவையும் தவறவிடாதீர்கள். அயர்லாந்து வந்திருந்தால் அதை முதலில் கேளுங்கள். உங்கள் மூன்று வாக்குகளில் ஒன்றையாவது, ஒரு சொல்கூடப் புரியாத பாடலுக்குக் கொடுங்கள்.